பார்த்திருப்பேன்

ஐம்பது தோட்டாக்களைப் பிரித்துப்போட இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. அவற்றைச் செய்ததற்கே அவ்வளவு நேரம் ஆகவில்லை. 2023 ஜூலையில், அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில், சித்தப்பா மகன் வீட்டு கார் ஷெட்டில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பதினொன்றைத் தொட்டபோதும் வெளியே நம் ஊர் சாயங்காலம் ஆறரை மணிபோல வெளிச்சம். தம்பி கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுத்தியல் மாதிரி இருந்த ஒரு பிளாஸ்டிக் கருவியின் தலைக்குள் தோட்டாவைச் செருகி, மரக்கட்டை மேல் ஓங்கித் தட்டுவான். மூன்றாவது, நான்காவது தட்டில் குண்டு கழன்று உள்ளே விழும். மருந்தைக் கிண்ணத்தில் கொட்டித் தராசில் வைத்துப் பார்ப்பான். சரியாக இருக்கும். அடுத்ததை எடுப்பான். அதுவும் சரியாக இருக்கும்.

ஐம்பதுமே சரியாகத்தான் இருந்தன. ஒன்றில்கூடத் தப்பில்லை. கடைசித் தோட்டாவையும் எடை பார்த்து முடித்ததும் அவன் முகத்தில் சலிப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஈயம் பட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து, "சாப்பிடலாமா அண்ணா?" என்றான்.

ஊருக்குத் திரும்பி இரண்டு வருடமாகிறது. அந்தத் தட்டும் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. எழுதலாம் என்று பல தடவை உட்கார்ந்து, எழுதாமல் எழுந்திருக்கிறேன். அதை எழுதினால் 1988-ல், இப்போதைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ராகிக் கொல்லையில் நடந்ததையும் எழுதியாக வேண்டும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

எதற்கு அவ்வளவு பெரிய துப்பாக்கி

தம்பிக்கு வேலை ஆற்றில். தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று அளக்க வேண்டும். சால்மன் மீன் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் மாதங்களில் அதே ஆற்றுக்குப் பழுப்புக் கரடியும் வரும். நம் பக்கம் ராகி முற்றும் நேரம் பார்த்து யானை வருவதில்லையா, அதே கணக்குதான். யானைக்கு நாளும் கிழமையும் தெரியும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கரடிக்கும் தெரிகிறது.

முதலில் கையில் எடுக்க வேண்டியது துப்பாக்கி இல்லை என்பதை நான் போன அன்றே அவன் சொல்லிவிட்டான். பேசிக்கொண்டே நடக்க வேண்டும். மீன் வாடையை உடம்பில் வைத்துக்கொள்ளக் கூடாது. குட்டியோடு நிற்கும் கரடியைப் பார்த்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். அதையும் மீறி வந்தால் மிளகாய்க் காரம் அடைத்த ஸ்பிரே. அலாஸ்காவில் அந்த ஸ்பிரே அடித்த சம்பவங்களைத் தொகுத்து 2008-ல் வெளியான ஆய்வில், பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் கரடி நின்றுவிட்டதாக இருக்கிறது. ஸ்பிரே அவன் இடுப்பில் இருக்கும். ரிவால்வர் நெஞ்சுக்குக் குறுக்கே தோல் உறையில். எதிர்க்காற்று அடித்தால், மழை கொட்டினால், ஸ்பிரே தீர்ந்துபோனால் என்று கடைசிக்குக் கடைசியாக ஒன்று. நீளத் துப்பாக்கி இன்னும் நல்லதுதான். ஆனால் இரண்டு கையிலும் கருவி பிடித்துத் தண்ணீரில் நிற்பவன் அதைக் கரையில் மரத்தில் சாய்த்து வைத்திருப்பான், கரடி அவனுக்கும் மரத்துக்கும் நடுவில் வரும். அதனால்தான் உடம்போடு கிடக்கும் கைத்துப்பாக்கி.

அவன் வைத்திருப்பது 44 மேக்னம் என்ற தோட்டாவைச் சுடும் ரிவால்வர். 1907-லேயே வந்த 44 ஸ்பெஷல் என்ற தோட்டாவில், அமெரிக்காவில் கால்நடைப் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் என்பவர் வருடக்கணக்காக மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பரிசோதித்துப் பார்த்தார். கையில் வைத்துச் சுடும் துப்பாக்கியால் பெரிய மிருகத்தை நிறுத்த முடியும் என்பது அவர் பிடிவாதம். 1955, 56-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியையும் ரெமிங்டன் தோட்டாவையும் கொண்டுவந்தபோது, தோட்டாவின் பித்தளைக் கூட்டை மூன்று மில்லிமீட்டர் போல நீட்டியிருந்தார்கள். பழைய துப்பாக்கிக்குள் புதுத் தோட்டா நுழையக் கூடாது என்பதற்காக. அந்த மூன்று மில்லிமீட்டர் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. யாரோ ஒருவர் அவசரத்தில் கை தவறி எதையோ எதிலோ போட்டுவிடுவார் என்று முன்கூட்டியே நினைத்து வைத்த மூன்று மில்லிமீட்டர்.

அதற்கப்புறம் அதைவிடப் பெரியதெல்லாம் வந்துவிட்டது. 454 கஸல் வந்தது, 2003-ல் 500 மேக்னம் வந்தது. ஏன் அதை வாங்கவில்லை என்று கேட்டேன். முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவே கை திரும்பக் குறிக்கு வர வேண்டும், பெரிய துப்பாக்கியில் தன் கை வரவில்லை என்றான். எவ்வளவு பலமானது என்று கேட்டால் அவனுக்கு அக்கறையில்லை. எவ்வளவு பலத்தைத் தன் கை தாங்கும் என்பதைத்தான் பார்க்கிறான்.

குண்டு விஷயத்திலும் அப்படித்தான். முனையில் குழி விழுந்த குண்டு உடம்பில் பட்டதும் பூப்போல விரிந்து சீக்கிரம் நின்றுவிடும். மெல்லிய உடம்புக்கு அது போதும். கரடிக்குத் தோலுக்கடியில் கொழுப்பு, அதற்கடியில் தசை, அப்புறம் கெட்டி எலும்பு. விரிகிற குண்டு பாதி வழியில் நின்றுபோகும். அதனால் அவன் எடுப்பது விரியாத, தட்டை முனை வைத்த, கெட்டி ஈயத்தில் வார்த்த குண்டு. வெறும் காரீயம் மெத்தென்று இருக்கும் என்பதால் கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்து இறுக்குகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது தர்மபுரியில் அப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கூட்டிப்போன அச்சாபீஸ்தான். அந்த எழுத்துகளும் இதே மூன்று உலோகக் கூட்டு. லைனோடைப் இயந்திரத்துக்கான ஈயத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஆன்டிமனி, நாலு பங்கு வெள்ளீயம். அங்கே பழைய அச்சு ஈயத்தைத் தேடிப் பிடித்து வாங்கி உருக்கிக் குண்டு வார்ப்பவர்கள் இருக்கிறார்களாம்.

எடையெல்லாம் கிரெயின் கணக்கு. ஒரு கிரெயின் என்றால் நம் குன்றிமணியில் பாதி. 240 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட பதினைந்தரை கிராம், இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு. ஆற்றுக்கு எடுத்துப்போவது 300 கிரெயின், இரண்டே கால் பவுனுக்கும் மேலே. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நகைக் கடைக்காரர் மோதிரத்தை நிறுப்பதுபோல அவன் மருந்தை நிறுக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் நிறுத்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் அவன் ஊர்ச் சட்டத்தில் நடப்பது. நம் நாட்டில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருந்தாலும் தோட்டாவைக் கடையில்தான் வாங்க வேண்டும், எத்தனை வாங்கலாம் என்று லைசன்ஸிலேயே எழுதியிருக்கும். அதனால் எவ்வளவு மருந்து, எந்த மருந்து என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் அது பொய்தான் ஆகும். துப்பாக்கிக்குத் துப்பாக்கி, குண்டுக்குக் குண்டு அது மாறும். தம்பியே ஒவ்வொரு தடவையும் கையேட்டைத் திறந்து விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் தொடங்கினான்.

மேசை

அவன் தானாகத் தோட்டா செய்வதற்குக் காரணம், பழக வேண்டும் என்பதுதான். கெட்டிக் குண்டு வைத்த பலமான தோட்டா அங்கேயும் விலை அதிகம். விலை அதிகமானால் பழக மாட்டோம், பழகாமல் உடம்பில் தொங்கும் துப்பாக்கி வெறும் பாரம் என்பான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். புதிதாக வேண்டியது பிரைமர் (அடி பட்டதும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), மருந்து, குண்டு. வாரக் கடைசியில் பழகுவதற்கு மெதுவான தோட்டா, ஆற்றுக்குப் பலமான தோட்டா என்று இரண்டு வகை செய்து வைத்திருந்தான்.

கூட்டைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான். அச்சுக்குள் அழுத்தினால் சுட்டபோது உப்பிய கூடு பழைய அளவுக்குச் சுருங்கி, பழைய பிரைமரும் கழன்று விழும். புதுப் பிரைமர் வைத்து, வாயைக் கொஞ்சம் மலர்த்தி, மருந்து போட்டு, குண்டை உட்கார வைத்து, கடைசியாகக் கூட்டின் உதட்டைக் குண்டின் பள்ளத்துக்குள் உருட்டி மடிப்பான். இந்த மடிப்புக்கு அவன் எடுத்துக்கொண்ட கவனம் எனக்கு முதலில் புரியவில்லை. பலமான ரிவால்வரில் ஒரு குண்டு வெடிக்கும்போது, உதைப்பில் துப்பாக்கி பின்னால் துள்ளும். மீதி ஐந்து தோட்டாக்களின் குண்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். மடிப்பு தளர்வாக இருந்தால் குண்டு கூட்டைவிட்டு மெல்ல முன்னால் நகரும். தோட்டாக்கள் இருக்கும் உருளையைத் தாண்டி நீட்டிக்கொண்டால் உருளை சுற்றாது. கரடி பத்தடியில், துப்பாக்கி பூட்டிக்கொண்டது. ஒரு மில்லிமீட்டர் மடிப்பு சரியில்லாததற்கு அதுதான் விலை.

பழகுவதற்கான மெதுவான தோட்டா அபாயம் குறைந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவன் சொன்னது நேர் எதிர். பலமான தோட்டாவுக்கு மெதுவாக எரியும் மருந்து, கூடு நிறையப் போட வேண்டும். தவறிப்போய் இரண்டாம் தடவை போட்டால் வழிந்து மேசையில் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். மெதுவான தோட்டாவுக்குச் சட்டென்று எரியும் மருந்து, துளிதான் வேண்டும். அவ்வளவு பெரிய கூட்டின் அடியில் அது கிடப்பதே தெரியாது. இரண்டு தடவை போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். வெளியில் பார்க்க மற்றதைப் போலவே இருக்கும். கார் டயரில் 30, 35 என்று காற்று அடிக்கிறோமே, அதே அளவுகோலில் 44 மேக்னம் தாங்க வேண்டிய உச்சம் 36,000. இரட்டை மருந்து விழுந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. உருளை பிளந்து மேல் பட்டை பறக்கும், பக்கத்தில் கையும் முகமும் இருக்கும்.

ஆகவே அவன் மேசையில் விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. பேச்சுக் கூடாது. போன் உள்ளே வரக் கூடாது. ஐம்பது கூடுகளும் குழி போட்ட ஒரு மரப் பலகையில் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் மருந்து போட்ட பிறகு, குண்டு வைப்பதற்கு முன், டார்ச் அடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று. ஒன்றில் உயரம், ஒன்றில் காலி என்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். காலியும் ஆபத்துதான். மருந்தில்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

அன்று ஏழரை மணிக்கு, முப்பது கூடுகளுக்கு மேல் மருந்து போட்டிருந்த நேரம், வீட்டுக்குள் அவன் போன் அடித்தது. நம் ஊரில் மறுநாள் காலை ஒன்பது. சித்தி. நான்தான் எடுத்தேன், எடுத்துப் பேசிவிட்டு, விதி தெரிந்தும், ஷெட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாவம், பிள்ளை குரல் கேட்க ஆசையாக இருக்கிறாள் என்று. கொல்லையில் போர்வெல் வற்றியது, மாமரத்துக்குத் தண்ணி லாரியில் வாங்கியது என்று பத்து நிமிடம் ஓடியது. வைத்துவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தான். ஐம்பதும் முடிந்தன. குண்டு வைத்தான், மடித்தான், டப்பாவில் அடுக்கினான். நோட்டை எடுத்துத் தேதி, மருந்து, குண்டு எடை எல்லாம் எழுதினான். கடைசிக் கட்டத்தில் டார்ச் என்று தலைப்பு, அதில் ஒரு டிக் போட வேண்டும். பேனா அங்கே நின்றுவிட்டது.

"அண்ணா, நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேனா?"

நான் மூன்றடி தூரத்தில்தான் இருந்தேன். எனக்கும் ஞாபகமில்லை. "பார்த்திருப்பேடா," என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பார்த்திருப்பேன்தான். பார்த்தேனான்னு தெரியல."

தராசில் ஒவ்வொரு தோட்டாவாக நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்டேன். தெரியாது என்றான். வார்த்த குண்டு ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கிரெயின் முன்னே பின்னே இருக்கும், பித்தளைக் கூடும் அப்படித்தான். அந்தத் துளி மருந்தின் எடை அந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அப்புறம் வேறெதுவும் பேசவில்லை. மேல் தட்டிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்தான்.

அவன் முதல் தோட்டாவைத் தட்டியபோதே என் உடம்பு சில்லிட்டுப்போனது. அவன் சொன்ன வார்த்தையால்தான். அந்த வார்த்தையின் கூடப் பிறந்ததை முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கொல்லைக் காவல் பரண்மேல் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

பரண்

எங்கள் வீட்டிலிருந்தது குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கென்று தாத்தா காலத்தில் வாங்கிய லைசன்ஸ், பிறகு பெரியப்பா பெயருக்கு மாறியது. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும் முடிந்ததும் வாங்கி வருவதும் எங்களுக்கு ஒரு திருவிழா. ஐப்பசியிலிருந்து ராகி அறுக்கும்வரை பெரியப்பாவும் அப்பாவும் பரணில்தான் தூங்குவார்கள். தகரம் தட்டுவது, தீப்பந்தம், கூச்சல், அதற்கும் போகாத பன்றிக்கு ஒரு வெடி. பெரும்பாலும் சத்தத்துக்குத்தான்.

கரிமருந்துக்குத் தராசு கிடையாது. மூங்கில் கணுவில் வெட்டிய ஒரு சின்னக் குழாய்தான் அளவு. ஒரு குழாய் மருந்து, மேலே துணி, கம்பால் இடி, கொஞ்சம் ஈய ரவை, மறுபடியும் துணி, மறுபடியும் இடி. சுடுவதற்கு முன்தான் பொறி தரும் கேப் வைப்பார்கள். பன்றி வராத ராத்திரியில் கெட்டித்த மருந்து அப்படியே உள்ளே கிடக்கும். எடுப்பது பெரிய பாடு என்பதால் கேப்பை மட்டும் கழற்றிவிட்டு மறுநாளைக்கு வைத்துக்கொள்வார்கள். இங்கேதான் சந்தேகம் பிறக்கும். உள்ளே இருக்கிறதா, இல்லையா?

அதற்குப் பெரியப்பா ஒரு வழி வைத்திருந்தார். இடிக்கும் கம்பில் ஒரு வெட்டு. வெறும் குழலில் விட்டால் வெட்டு குழல் வாய்க்குச் சரியாக வந்து நிற்கும். மருந்து இருந்தால் வெட்டு நாலு விரல்கடை மேலே நிற்கும். "நாலு விரல் நின்னா நிறைமாசம், முழுகினா வெறும் வயிறு," என்பார். அந்த வேலையை எங்களைச் செய்யச் சொல்வார். கம்பை விட்டுப் பார்த்துவிட்டு "நிறைமாசம் பெரியப்பா" என்று கத்துவதற்கு எனக்கும் தங்கைக்கும் போட்டி.

அந்தக் கம்பை ஒடித்தவன் நான். பதினோரு வயது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த விளாமரத்தில் காய் அடிக்க நீளமாக வேறெதுவும் கிடைக்கவில்லை. இரண்டாவது காய்க்கே நடுவில் ஒடிந்தது. துண்டுகளைக் கொண்டுபோய் வைக்கோல் போரில் செருகிவிட்டு வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா ஒரு நாள் முழுக்கத் தேடினார். அப்புறம் ஒரு மூங்கிலைச் சீவிப் புதுசு செய்துகொண்டார். அதில் வெட்டு இல்லை. நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, பரணில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் படுத்திருந்தேன். கீழே கரகரவென்று சத்தம். பன்றிகள் இறங்கிவிட்டன. பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். இருட்டில் அப்பா கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. "அண்ணா, நேத்து கெட்டிச்சது உள்ளேயே இருக்குதா?"

"நேத்து போட்டிருக்க மாட்டேன்."

மூங்கில் குழாயிலிருந்து மருந்து விழும் சத்தம், கம்பு இடிக்கும் சத்தம். வெளிச்சத்தைத்தான் முதலில் பார்த்தேன், சத்தம் கேட்டதாக ஞாபகம் இல்லை. குழல் அடிப்பக்கம் பிளந்திருந்தது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. டிராக்டரில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுபோனார்கள். பெரியம்மா ராகி மூட்டை மேல் உட்கார்ந்து பெரியப்பாவின் கையைத் தன் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது, லைசன்ஸை அப்புறம் யாரும் புதுப்பிக்கவில்லை.

"பார்த்திருப்பேன்", "போட்டிருக்க மாட்டேன்". நடந்ததைத்தான் சொல்கிறோம், ஆனால் நம்மை நாமே ஊகித்துச் சொல்கிறோம். அடுத்தவனைப் பற்றிச் சொல்வதுபோல. "அவன் ஊருக்குப் போயிருப்பான்" என்போமே, அதே மாதிரி, ஐந்து நிமிடத்துக்கு முந்தைய நம்மைப் பற்றி. அடுப்பை அணைத்திருப்பேன், கதவைப் பூட்டியிருப்பேன், மாத்திரை போட்டிருப்பேன் என்று தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பெரும்பாலும் அணைத்துத்தான் இருக்கிறோம், பூட்டித்தான் இருக்கிறோம். பெரியப்பாவும் அதுவரை எத்தனையோ ராத்திரி அப்படிச் சொல்லி, சரியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். தம்பியின் ஐம்பதும் சரியாகத்தான் இருந்தன. சுட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியும் அந்த இரண்டே முக்கால் மணி நேரம் வீண் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. பிரித்த மருந்தை அவன் திரும்ப டப்பாவில் கொட்டவில்லை. வெளியே எடுத்துப்போய்ப் புல்லில் பரவலாகத் தூவினான். தழைச்சத்து, புல்லுக்கு நல்லது என்றான்.

கம்பு

பெரியப்பாவுக்கு இப்போது எண்பத்தி நாலு. கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. எங்கள் கொல்லையில் இன்றும் பன்றி இறங்குகிறது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோது பேரன்கள் பேப்பரைப் படித்துக்காட்டினார்கள். எங்கள் கொல்லை காட்டை ஒட்டியே இருக்கிறது. அவர் "ம்" என்றதோடு சரி.

போன மாதம் ஒரு சாயங்காலம், திண்ணையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் தம்பியின் மேசையைப் பற்றி. பித்தளைக் கூடு, தராசு, டார்ச் எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். சுத்தியல் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"தட்டினா குண்டு கழண்டு வருதா?"

"ஆமா பெரியப்பா. ஓங்கித் தட்டினா கூடு நின்னுடுது, குண்டு நிக்காம வந்துடுது."

"அம்பதும் பிரிச்சானா?"

"அம்பதும்."

"ஒண்ணாச்சும் ரெட்டையா இருந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம்தான் விளாமரத்தைச் சொன்னேன். வைக்கோல் போரைச் சொன்னேன். பழைய கம்பு ஒடியாமல் இருந்திருந்தால் அதில் வெட்டு இருந்திருக்கும், அன்றைக்கு விட்டுப் பார்த்திருப்பீர்கள் என்றேன். நாக்கு வறண்டுவிட்டது. முப்பத்தேழு வருடம்.

"கம்பு ஒடிஞ்சது எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. போர் பிரிக்கறப்ப கிடைச்சுது," என்றார். "வெட்டு இல்லன்னா என்ன? கம்பை உள்ள விட்டு, வாய்கிட்ட விரல் வெச்சு எடுத்து, வெளிய குழல் மேல வெச்சுப் பார்த்தா தெரிஞ்சுபோவும். எவ்ளோ நேரம் ஆகப்போவுது? உங்கப்பன் கேட்டப்பவே எனக்குச் சந்தேகந்தான். பன்னி உள்ள பூந்துட்ச்சே, போட்டிருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, தாழ்வாரத்து ஓட்டுச் சந்தைக் கை காட்டினார். அங்கே செருகியிருந்த ஒரு மூங்கில் கம்பை எடுக்கச் சொன்னார். அவர்கள் வீட்டில் கொடியில் துணி எடுக்கவும் கோழி விரட்டவும் நான் வருடக்கணக்காகப் பார்த்துவரும் கம்பு அது. கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று கறுத்திருந்தது. வாங்கிக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினார். தொட்டுப் பார்த்தேன். ஒரு வெட்டு. சுற்றிலும் ஒரே ஆழத்தில், நேராக, நிதானமாக வெட்டியது.

"இது எப்ப வெட்டினது பெரியப்பா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளு."

துப்பாக்கி அப்போது வீட்டில் இல்லை. பிளந்த குழலோடு ஸ்டேஷனில் இருந்தது.

"கட்டுப் போட்ட கையோட எப்படி வெட்டினீங்க?"

"உங்கப்பன் புடிச்சுக்கிட்டான்," என்றார்.